ஒரு மாத விசாவுக்கு முப்பத்திரண்டு பக்கம்

தெமோதரை,
மார்ச் 9

அன்புள்ள சுதர்சினிக்கு,

நானும் பிள்ளையும் சுகம். கொஸ்லந்தையிலிருந்து உன் அம்மா வந்து எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலியைத் தவிர அவருக்கும் குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னார், கேட்டுவிட்டேன். விதுஷா இரண்டாம் ஆண்டுக்குப் போனதும் சீருடை சின்னதாகிவிட்டது, புதிது தைக்கக் கொடுத்திருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ வாதாடுவாய். உன்னோடு வாதாடி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

விசா மறுப்புக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். சட்டம் எங்கே பிசகியிருக்கிறது என்று நீ அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாய். எனக்கோ அந்த அதிகாரி மேல் கோபமே வரவில்லை. ஒரு மாதம் மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறவர், குடும்ப வாழ்வுரிமை பற்றி இவ்வளவு பெரிய மனு கொடுப்பாரா, இவர் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உன் நண்பர்களைக் குறை சொல்லவில்லை. குடிபெயர்வுச் சட்டத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற நீங்கள் எல்லோரும் சனிக்கிழமைதோறும் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்கிறீர்கள். முதல் குளிர்காலத்தில் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ அழுதபோது பிடித்து நிறுத்தியது அந்த வட்டம்தான். நீ காய்ச்சலில் கிடந்தபோது ஜெனீரா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் எதையும் மறக்கவில்லை.

என் விண்ணப்பம் என்றதும் அவரவர் ஆய்வை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பர்ஹான் ஒரு பகுதி, ஜெனீரா ஒரு பகுதி, நீ ஒரு பகுதி என்று, படித்த படிப்பையெல்லாம் என் தலையில் கொட்டினீர்கள். பதுளையில் அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்தபோது, "என்ன சார், புத்தகம் போடுறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் வாத்தியார், ஏப்ரலில் லீவு, என் பிள்ளை இங்கே இருக்கிறாள், அதனால் திரும்பி வந்துவிடுவேன் என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால், இந்நேரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பேனோ என்னவோ. அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

இப்போது மேன்முறையீடு என்கிறீர்கள். இதில் ஜெயித்தால் பின்னால் வருகிற எத்தனையோ குடும்பங்களுக்கு வழி பிறக்கும் என்று பர்ஹான் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் அந்த வேலை இருப்பதால் ஏப்ரலில் வர முடியாது என்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. என்னை அங்கே கூப்பிடுவதற்காக நீ இங்கே வராமல் இருக்கப் போகிறாய். இத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூடவா இது தோன்றவில்லை?

போன வாரம் வகுப்பில் அம்மா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "அப்பாவ அங்க கூப்பிட கேஸ் போடுறாங்க" என்று விதுஷா சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அப்பா, ஒங்களுக்குக் கேஸ் போடுறாங்கல்ல, எனக்கு எப்ப போடுவாங்க?" உன் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

சுதா, மேன்முறையீடு வேண்டாம். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. உன் ஆய்வு நல்லபடியாக முடிய வேண்டும், உனக்கு அந்த வட்டமும் வேண்டும். அவர்கள் பட்ட பாட்டுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் ஏப்ரலில் ஒரு பத்து நாளாவது வந்துவிட்டுப் போ. பிள்ளை கேட்டதற்குப் பதிலை நீயே வந்து சொல். இங்கே வர உன்னிடம் யாரும் விசா கேட்க மாட்டார்கள்.

கதிர்காமக் கந்தன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
கஜேந்திரன்