காதில் ஒரு சொட்டு ரத்தம்

சங்கரன்கோவில்,
16-9-1979.

அன்புள்ள தம்பி பெருமாள்சாமிக்கு, அக்கா இசக்கித்தாய் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் உடம்பு சுகத்துக்கு எழுது.

உன் அத்தானுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ராயகிரி சித்தப்பா வந்து முன்னால் நின்று எல்லாம் செய்தார். பரீட்சை இருக்கிறது, வர முடியாது என்ற உன் தந்தியை அவர்தான் சபையில் வாசித்தார். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. என் மாமியார் மட்டும், இவள் ராசிதான் என் மகனை முழுங்கிவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். அழட்டும். பெற்ற வயிறு, அப்படித்தான் பேசும். நான் எழுத வந்தது வேறு.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ உன் புரொபசரைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டை அறுத்தேன் என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை நம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நமச்சிவாயம் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தோடு வந்தார். நம் ஆட்டுக் கிடையில் செத்த செம்மறிக்கு வந்தது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் என்று உன் மாட்டு டாக்டர் காலேஜிலிருந்து எழுதியிருந்தார்களாம். சர்க்கார் தபால், ஊர்ந்து ஊர்ந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அத்தானை விஷக்கடி கொண்டுபோய்விட்டது என்று மாமியார் சொன்னதைக் கேட்டு அவரும் பரிதாபப்பட்டார். ஆடுகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, அந்தத் தபாலில் கண்டதைச் சொல்லி உன்னைப் புகழ ஆரம்பித்தார்.

‘சடார்னு விழுந்து செத்த ஆட்டைக் கத்தியால தொடக் கூடாது, காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில தேய்ச்சாப் போதும்னு தொண்டை கிழியச் சொல்லிக் குடுக்கோம்மா. எவன் கேக்கான்? ஒன் தம்பி கேட்டிருக்கான். அவன் கொண்டுபோன கண்ணாடிக்குச் சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல வச்சு, வகுப்பு மொத்தத்தையும் வரிசையா வரச் சொல்லிக் காட்டினாராம் புரொபசர். அறுக்காம எப்படி எடுத்தேன்னு ஒன் தம்பியே எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கான். வார வருஷம் சின்னப் பையன்களுக்கு லேபுல சொல்லிக் குடுக்கப்போறதும் அவன்தான்’ என்றார்.

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். அறுத்தால் என்ன ஆகும் சார் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ‘ரத்தம் மண்ணுல விழுந்தா கிருமி வித்து மாதிரி வருஷக்கணக்காக் கெடக்கும். அறுத்தவன் கையில கீறல் இருந்தா உள்ள போயிரும். கொப்புளம் வரும், நடுவுல கரி மாதிரி கறுக்கும், ஆனா வலிக்காது. வலிக்காததுனாலதான் எவனும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான்’ என்றார்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆடித்தபசு முடிந்து நீ மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் நிலத்தில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை போட்டிருந்தோம். அந்தப் பெரிய செம்மறி நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம். நான் கஞ்சிச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றேன். ஊருக்குப் போகிறவர்கள் ரத்தம் எடுத்து வாருங்கள் என்று புரொபசர் கண்ணாடித் துண்டுகள் கொடுத்தனுப்பியதாகச் சொன்னாய். ஆனால் உனக்கு அது போதவில்லை. ‘வயித்தைத் தெறந்து பாத்துருவோம் அத்தான், காலைப் பிடிங்க’ என்றாய். அவருக்கு அதைவிடப் பெருமை வேறு வேண்டுமா? ‘என் மச்சினன் டாக்டருக்குப் படிக்கான்லா, வந்து பாருங்கவே’ என்று சுற்றி நின்ற கிடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார்.

நீ அறுத்தாய். மண்ணீரலை வெளியே எடுத்தாய். அது ஊதிப்போய்த் தார் மாதிரி இருந்தது. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன் தம்பி. நாற்றம் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் காதில் குத்திக் கண்ணாடியில் தேய்த்தாய். கறியை யாரும் தின்ன வேண்டாம், புதைத்துவிடுங்கள் என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. பம்புசெட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாய். திரும்பவும் கழுவினாய். அத்தானைக் கூப்பிட்டு அந்தச் சோப்பை நீட்டவில்லை. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தோலையாவது விடுவானேன் என்று உரித்துக்கொண்டிருந்தார். முள் வெட்டின கீறல் அவர் கையெல்லாம் இருந்தது.

நீ ரயிலேறிப் போனபின் அவர் மணிக்கட்டில் கொப்புளம் வந்தது. நடுவில் கறுத்தது. வலிக்கிறதா என்று கேட்டால், ‘ஒரு வலியும் இல்லட்டி, சிலந்தி கிலந்தி ஊந்திருக்கும்’ என்பார். கோவில் புற்றுமண்ணைக் குழைத்து நான்தான் போட்டேன். நம் ஊரில் எந்தப் புண்ணுக்கும் முதலில் அதைத்தானே போடுகிறோம். அம்மன் கைவிட மாட்டாள் என்று இருந்துவிட்டேன். வீக்கம் தோளுக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகக் கார் வந்து வாசலில் நிற்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று ஒரு நிமிஷம் வாய் கூசியது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. தோல் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். தோல் மண்டி மன்சூர் அலி பாய் வாங்கிப்போய் உப்புப் போட்டு வைத்திருந்தார். டாக்டர் போவதற்கு நாலைந்து நாள் முன்னால்தான் அதைத் தோளில் தூக்கிப்போய் லாரியில் ஏற்றினாராம். டாக்டர் போய்ப் பார்த்தால் அவர் கழுத்தில் அதே கொப்புளம்! தன் மோட்டார் சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பென்சிலின் ஊசிதான் போட்டார்களாம். வீக்கம் வடிந்துவிட்டது. அவர் பெண்டாட்டி ஷரீபா பீவி நேற்று வந்து, ‘நீ வாயைத் தெறந்ததுனாலதான் எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சு ஒக்காந்திருக்காவ’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் போனபின் நான் அழுதேன். ஊசிதான் தம்பி. அத்தானுக்கும் வேறொன்றும் வேண்டியிருந்திருக்காது.

நீ அறுத்ததற்கு நான் உன்னை ஏசவில்லை. படிக்கிற பிள்ளை, ஆசையில் கத்தியை எடுத்துவிட்டாய். அது என்ன நோய் என்று தெரிந்த பிறகும் ஊமையாக இருந்தாயே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. புண் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அத்தான் என்று ஸ்டேஷனில் வைத்தாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புரொபசர் ஏசுவார் என்று பயந்தாயா? அட பாவி, உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து உன்னை ரயிலேற்றிவிட்ட மனுஷன் அல்லவா உன் அத்தான்!

டாக்டர் உன் காலேஜுக்கு உள்ளதை எழுதத்தான் போகிறார். மறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் மட்டும் பொறுங்கள் சார், என் தம்பி தானாகவே போய்ச் சொல்லட்டும் என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அவரும் சரி என்றார். கிடை போட்ட இடத்தில் சுண்ணாம்பைக் கொட்டி முள் அடைத்திருக்கிறார்கள். நிலத்துக்காரர் தினமும் வந்து சத்தம் போடுகிறார். மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நீ அங்கே சொன்னபின் நான் இங்கே சொல்வேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

உன்னைக் காலேஜை விட்டு அனுப்பினால் என்னிடம் வா. ஆடு மேய்த்தாவது சேர்ந்து கஞ்சி குடிக்கலாம். அனுப்பாமல் வைத்துக்கொண்டால், சின்னப் பையன்களுக்கு அந்தக் கண்ணாடியைக் காட்டும்போது உள்ளதைச் சொல்லு. இந்த ரத்தத்தை எடுப்பதற்கு முன்னால் நான் அறுத்தேன், எனக்காகக் காலைப் பிடித்தவர் செத்துப்போனார் என்று சொல்லு. பிள்ளைகள் பயப்படட்டும். அத்தான் என்று சொன்னால் அவர்களுக்கு யாரென்று தெரியாது. பெயரைச் சொல்லு. தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

சங்கரசுப்பு.

கோமதி அம்மன் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
இசக்கித்தாய்.