வலப்பக்க மூக்குத்தி

இன்று காலை குளிருக்குப் போடும் கோட்டைத் தேடி எடுத்து, அதன் பையில் கையை விட்டபோது, மாவு உருண்டை போன்ற அந்த ரப்பர் விரலில் பட்டது. பென்சில் கோட்டை அழிக்கப் பிசைந்து பிசைந்து ஒற்றுவோமே, அது. போன குளிரில் நீ வாங்கிக் கொடுத்தது. இப்போது கல்லாக இறுகிக் கிடக்கிறது. கோட்டை மாட்டாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறார்கள் என்று நீதான் செய்தி கொண்டுவந்தாய். "எனக்குக் கோலமே கோணலா வரும்ப்பா" என்றேன். "வந்து உக்காரு. யாரு மார்க்கு போடப் போறாங்க?" என்றாய்.

முதல் வகுப்பில் நீ வரைந்த ஜாடி இட்லிப் பானை மாதிரி இருந்தது. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய். ஆனால் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட எனக்குப் பயம் என்பதால், வாராவாரம் என்னைக் கூட்டிப்போய், வகுப்பு முடியும்வரை காபியோடு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் பேரிக்காய் வரைந்தேன். துணி மடிப்பு வரைந்தேன். உன்னை வரையவில்லை. தோன்றவே இல்லை.

நீயோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில், தோசைக்கு நிற்கும் வரிசையில், முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டியிடம், "இவங்க எங்க ஆர்ட்டிஸ்டுங்க, ஆளைப் பார்த்தா அப்படியே போடுவாங்க" என்றாய். நான் உன் கையைக் கிள்ளினேன்.

பிறகு ஒரு நாள் ஆபீசிலேயே சரிந்து விழுந்தாய். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது.

காரியத்துக்கு முன்பு உன் கணவர் வந்தார். "போட்டோ வேண்டாங்க. நீங்க ஒரு படம் போட்டுக் குடுங்க. அவ உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல" என்றார். முடியாது என்று எப்படிச் சொல்வது? என் போனில் நீ எடுத்து அனுப்பிய செல்ஃபி ஒன்று இருந்தது. அதை வைத்து வரைந்தேன். கண் நன்றாக வந்ததாக எனக்கே தோன்றியது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டேன். உன் சாவு வீட்டில் பெருமைப்பட்டேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

அவர் படத்துக்குச் சட்டம் போட்டு, மாலை சாத்திக் கூடத்தில் வைத்தார். வந்தவர்கள் எல்லோரும், "அப்படியே இருக்காங்க" என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து உன் அம்மாவால் வரமுடியவில்லை, விசா கிடைக்கவில்லை. வீடியோ காலில்தான் இருந்தார். உன் கணவர் போனைப் படத்தின் பக்கம் திருப்பி, "இவங்கதான் வரைஞ்சாங்க, அத்தை" என்றார்.

உன் அம்மா வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு கண்ணு," என்றார். பிறகு, மெதுவாக, "எம்புள்ளைக்கு மூக்கு வலது பக்கந்தானே குத்துனது?"

அந்த செல்ஃபி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிப் பதிவாகியிருந்தது. நான் மூக்குத்தியை அப்படியே இடப்பக்கம் வரைந்திருந்தேன். போனைக் குற்றம் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் உன் அமெரிக்கக் காரில், உன் வலப்பக்கத்தில் உட்கார்ந்து போனவள் நான். அந்த மூக்குத்தி என் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி மின்னிக்கொண்டு வந்திருக்கிறது. நான் என் மாமியாரைப் பற்றியும் கிரீன் கார்டு பற்றியும் பேசிக்கொண்டு, முன்னால் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சமையலறைக்குப் போய்ச் சிங்க்கில் கிடந்த டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன். உன் கணவர் பின்னாலேயே வந்தார்.

"நான் எடுத்துட்டுப் போயிடறேன், அண்ணா. மன்னிச்சுக்குங்க."

அவர் குழாயை மூடினார். "நாலு நாளா அந்தப் படத்து முன்னாடிதாங்க உக்காந்திருந்தேன்" என்றார். "எனக்கும் தெரியலீங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம், செல்ஃபியை எடுக்காமல், காரில் இருந்து தெரிந்த உன்னை ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தேன். ஒரு பக்க முகம், காதோரம் முடி, மூக்குத்தி. தாடை வரவில்லை. எத்தனை முறை அழித்தும் வரவில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் கணவர் வாங்கி அறைக்குள் வைத்துக்கொண்டார், மாட்டவில்லை. பழைய படத்தைத் திருப்பிக் கேட்டேன். அது என் அலமாரியில் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் துணிவில்லை.

இப்போது நானே பயந்து பயந்து ரூட் ஒன்னில் ஓட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். யாராவது படம் நன்றாக இருக்கிறது என்றால் காது சுடுகிறது. உன் அம்மாவின் குரல்தான் கேட்கிறது. அதில் கோபமே இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சும்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்துக்குள் ஒரு மெல்லிய தழும்பு.

"இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல, சைக்கிள்லேர்ந்து விழுந்தது" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.