லேத்து அப்பா, லேட்டு அப்பா

அப்பா, இன்று பிரவுசிங் சென்டரில் பக்கத்துக் கேபினில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருப்பார் போல. சட்டையெல்லாம் மிஷின் ஆயில் வாசனை. உன் வாசனை. போய்க் குளிச்சிட்டு வாப்பா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, நடுவில் பலகைத் தடுப்பு இருந்தது.

நான் அங்கே போனதே உன்னை அழிக்கத்தான். அம்மாவின் உத்தரவு. நான் பிளாக்கில் உன்னைக் கேலி பண்ணி எழுதுவதை, உன் காரியத்துக்கு வந்த யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "செத்த மனுஷன ஊரே பாத்துச் சிரிக்கணுமா? எல்லாத்தயும் எடுத்துடு" என்றாள். அவள் ஒரு பதிவையும் படித்ததில்லை.

முதல் பதிவுக்கு நான் வைத்த தலைப்பு 'லேத்து அப்பா, லேட்டு அப்பா'. மதியம் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு பஸ் ஏறுவாய். ஜன்னலில் தலை சாய்ப்பாய். நம் அரியாங்குப்பத்தில் இறங்காமல் தவளக்குப்பத்தில் கண் விழிப்பாய். எதிர் பஸ் பிடித்து, அதிலும் தூங்கி, ஆற்றைத் தாண்டி மறுபடி டவுனுக்கே போய்விடுவாய். ஒரே நாளில் மூன்று தடவை பாலம் தாண்டிய மாவீரன் என்று எழுதினேன்.

உன்னோடு வேலை செய்பவர் அதைப் பிரின்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டார். நீ பிய்த்து, நாலாக மடித்து, டிபன் பையில் கொண்டுவந்தாய். தொலைந்தேன் என்று நினைத்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய்: "மூணு தடவன்னு போட்டிருக்க. அன்னிக்கு அஞ்சு. எழுதறதுன்னா சரியா எழுது."

அப்புறம் தினமும் சட்டையைக் கழற்றும்போதே, இன்றைக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கேட்பாய்.

நீ பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததையும் எழுதினேன். 'அப்பா இறந்துவிட்டார்' என்பதுதான் முதல் வரி. பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி, பதிவைப் படிக்கும் முன்பே முதல் பின்னூட்டம் போட்டு இடம் பிடிப்பார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் பிடித்திருந்தார்: "மீ த பர்ஸ்ட்டு! டீ குடிச்சிட்டு வந்து பொறுமையா சிரிக்கிறேன்." அரை மணி கழித்து அவரே, படிக்காமல் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு, தயவுசெய்து அதை அழித்துவிடு என்று கெஞ்சியிருந்தார்.

இன்று அதைத்தான் முதலில் அழிக்கப் போனேன். படித்ததும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் தடவை. பக்கத்துக் கேபின்காரர் எட்டிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

ஒன்றையும் அழிக்கவில்லை. பஸ் பதிவைப் பிரின்ட் எடுத்து வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"தூங்கிட்டா வந்தாரு? எங்கிட்ட ஓவர்டைம் பாத்தேன்னு இல்ல சொன்னாரு?"

அடுத்து உனக்குத் திட்டு விழுந்தது பார், முழுசாகப் பத்து நிமிஷம். இரண்டிரண்டு தடவை குழம்பு சூடு பண்ணவைத்தது, பாவம் மனுஷன் என்று முட்டை பொரித்துக் கொடுத்தது, அதையும் கூசாமல் தின்றது, எல்லாவற்றுக்கும். அழிக்கச் சொன்னதைப் பற்றி அம்மா பிறகு பேசவே இல்லை.

அந்தப் பத்து நிமிஷமும் நீ வீட்டில்தான் இருந்தாய் அப்பா, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அதை மட்டும் பிளாக்கில் போடமாட்டேன். என்னிடமே இருக்கட்டும்.