உன் பெயரில் போன என் வசவு

அன்புள்ள இளவரசனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. உன் தங்கை அனு வாலாஜாபாத் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை என்று தினமும் புலம்பல். இங்கே மழை விடவில்லை, தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியாமல் தெருவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. உன்னிடம் போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன், அனு படமெடுத்து அனுப்புவாள்.

நான் புடவை டிசைன் போடும் அந்த இலவச சாஃப்ட்வேரை உன்னோடு பல ஊர்க்காரர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்கிறார்கள், யாரும் சேரலாம், நீயும் தப்பு கண்டால் எழுதிப் போடும்மா, அதுவும் உதவிதான் என்று சொன்னாய் அல்லவா. போன வாரம் கரையில் ஒரு கட்டம் தள்ளிப்போய், அட்டை குத்தும் கைலாசம் தறிக்காகத் துளை போட்டுக் கொடுத்த ஜக்கார்டு அட்டையெல்லாம் வீணாயிற்று. நம் தெருவில் டிசைன் தப்பினால், போட்டவர் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவோம், அப்போதுதான் மறுநாளே திருத்தி வரும். அதே பழக்கத்தில், நீ விட்டுப்போன லேப்டாப்பில், வேலை தெரியாதவர்களுக்கு இது எதற்கு, வெட்கமில்லையா என்று தமிழில் எழுதி இங்கிலீஷாக மாற்றி, அவர்கள் தப்பு எழுதச் சொல்லும் பக்கத்தில் போட்டுவிட்டேன். அதில் உன் கணக்கு திறந்தே இருந்ததால் அது உன் பெயரில் போகும் என்று சத்தியமாகத் தெரியாது. நீ போன் செய்து, அம்மா இது நீ எழுதினதா என்று கேட்டபோது, எனக்கு இன்னாபா தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி, யாரோ என் கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்று நீ அவர்களிடம் சொன்னாய். அவர்கள் அதை நம்பாமல், உன்னைப் பொறுப்பாளர்களில் ஒருவனாகச் சேர்க்க இருந்ததை நிறுத்திவைத்தார்கள் என்று அனு சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையிடமே பொய் சொன்னேனே என்று கூசிப்போகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் எழுதிவைத்திருப்பதை அனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம், சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்று பொறுமையாகச் சொல்ல வேண்டுமாம், சின்ன வேலையில் தொடங்கினால் போதுமாம். பார்த்தால் அந்தத் தப்பை எப்போதோ திருத்திவிட்டார்கள், நான்தான் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். அவர்களுடைய தமிழ் உதவிப் பக்கத்தில் கரை வரையும் பகுதி காலியாக இருக்கிறது, எழுத ஆசைதான், எந்த முகத்தோடு எழுதுவது. அதனால் இன்று என் பெயரில் கணக்குத் தொடங்கி, திட்டிய அதே இடத்தில் எல்லாரும் பார்க்க எழுதிவிட்டேன். உங்களைத் திட்டியது நான், என் மகன் உங்களிடம் பொய் சொல்லவில்லை, நான் அவனிடம் சொன்ன பொய்யை நம்பினான், அவ்வளவுதான் என்று.

காமாட்சி அம்மன் உனக்குத் துணை இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. பாஸ்வேர்டை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே.

உன் முன் தலைகுனிந்து நிற்கும் அம்மா,
அம்சா
பிள்ளையார்பாளையம்