மாசி மாதத்து ஈவெண்ட்

கும்மிடிப்பூண்டி,
ஐப்பசி 22.

அன்பு மகள் வினோதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே அம்மா, உன் தம்பி மதன், நான் மூவரும் சுகம். என் விஷயத்தில் அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய், போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், அதனால்தான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஷிப்டு முடிந்த கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள்.

நீ அனுப்பிய கட்டுரையை மதன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். எலும்புப் புற்றுநோய் செல்லுக்குள் ஓடும் சிக்னலைப் பற்றி என் மகள் எழுதியிருக்கிறாள் என்று பெருமையாகத் தெருவில் சொல்லிவைத்தேன், அது தப்பாய்ப் போயிற்று. எதிர்வீட்டு அஞ்சம்மாள் வந்து, "எங்க ஊட்ல செல்லு சிக்னலே எடுக்கல, பொண்ணாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ டவர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பதாகத் தெரு முழுக்கப் பேச்சு. அது போகட்டும். ஈவெண்ட் இல்லாமல் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயே, நோய் திரும்பி வருவதற்குத்தான் உங்கள் பாஷையில் ஈவெண்ட் என்று பெயராமே. கல்யாணத்துக்கு மேடையும் லைட்டும் போட்டுப் பிழைக்கிற மதன் அதைப் படித்துவிட்டு, "இன்னா நைனா, அக்கா நம்ம பொழப்புலயே கைய வைக்கிது" என்றான்.

நான் பென்சிலோடு நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி புரியவில்லை, ஆனால் அந்தப் படம் புரிந்தது. இரண்டு கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. சிக்னல் அடங்கியிருக்கிறவர்கள் மேல்கோட்டில் மெதுவாக இறங்குகிறார்கள், அணையாமல் இருக்கிறவர்கள் கீழ்க்கோட்டில் அவசரமாக இறங்குகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் என் தொடை எலும்பில் வந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்துவைத்த துண்டை நீ கேட்டுத்தானே மறுபடி சோதித்தார்கள், ரிப்போர்ட்டும் நேராக உனக்குத்தான் வந்தது. "எல்லாம் நார்மல் நைனா" என்றாய். போன வாரம் செக்கப்புக்குப் போனவன் கவுண்டரில் எனக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்கினேன். உன் கட்டுரையில் இருந்த அதே சிக்னலின் பெயர், பக்கத்தில் ஆக்டிவ் என்று இருந்தது. மதனிடம் காட்டினேன். "ஆக்டிவ்னா நல்லதுதானே, சிம்மு வேல செய்துன்னு அர்த்தம்" என்றான். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, உன் படத்தில் கீழ்க்கோட்டின்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

கம்பி மில்லில் முப்பத்தொரு வருஷம் கம்பியை இழுத்து அறுத்துப் பார்த்து டெஸ்ட் சர்டிபிகேட் எழுதியவன் நான். வாங்குபவர் மனம் நோகக் கூடாது என்று எழுதிய சர்டிபிகேட்டை எனக்குப் பார்த்ததுமே தெரியும், ஏனென்றால் அப்படி இரண்டு மூன்றில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்ட அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கும் இறங்கியிருக்காது. உன்மேல் கோபம் இல்லையம்மா. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மாசியில் எனக்கு அறுபது முடிகிறது, அந்த மணிவிழாவுக்கு மதன் இப்போதே மண்டபம் பேசிக்கொண்டிருக்கிறான், அவன் தொழிலில் முதல்முறையாக வீட்டு ஈவெண்டாம். உன் படத்தில் நான் எந்தப் படியில் நிற்கிறேன், அந்த மண்டபத்தில் அம்மா பக்கத்தில் உட்கார எனக்கு வாய்ப்பு உண்டா, இதை மட்டும் எழுது. மாத்திரை மருந்து ஏதாவது உண்டென்றால் அதையும் எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

அம்மாவிடம் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆமாம், உன்னைக் குற்றம் சொல்லுகிற நானேதான். அவளும் நம்பி, போன ஞாயிறு பெரியபாளையத்து அம்மனிடம் போய், வேண்டுதலுக்கு வேப்பிலையைக் கோத்துக் கட்டும் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றிவிட்டு வந்தாள். அம்மனுக்கே பொய்ச் சர்டிபிகேட் கொடுத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், உன் படிப்பு நாலு பேருக்காவது மேல்படியில் இடம் வாங்கித் தர வேண்டும். சோதனைக்கூடத்திலேயே தூங்கிவிடாதே. பதிலை மதன் போனுக்கு அனுப்பாதே, கடிதமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் நைனா
பூவராகவன்

பி.கு.: உன் விலாசம் அம்மாவின் நோட்டில்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, "கீழ போற கோட்டுல வட்டம் போட்டு வச்சிக்கினு நார்மலுன்னு சொன்னா யாரு நம்புவாங்க, அதுகிட்டயாவது நெசத்தக் கேட்டு எழுதினீங்களா" என்றாள். வேப்பஞ்சேலை கட்டியது ரிப்போர்ட் நல்லபடி வந்ததற்கு இல்லையாம். மாசிக்காகவாம்.