ஒன்பதாம் மாடிச் சாவி

மார்ச் 3, செவ்வாய்

புது லிஃப்ட் இன்று ஓடத் தொடங்கியது. ஐந்து வாரம் உடம்பெல்லாம் கிரீஸ் மணக்கப் பொருத்தியது நான். செலவு முழுக்க ஒன்பதாம் மாடிக்காரருடையது. பதிலுக்கு அவர் கேட்டது தன் மாடியில் ஒரு சாவித்துளை. அவர் சாவியைத் திருகினால் உள்ளே இருப்பவர்கள் அமுக்கிய எண்ணெல்லாம் அழிந்து, லிஃப்ட் நேரே அவரிடம் போகும். மாட்டிக்கொடுத்தேன். மனசு ஒப்பவில்லை.

மார்ச் 4

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "பழைய லிஃப்டுக்கு மூணு நிமிஷம் நின்னாங்க. இப்ப அந்தச் சாவி இருந்தும் ஒரு நிமிஷந்தான். எல்லாருக்கும் நல்லது, அவருக்குக் கொஞ்சம் கூடுதலா நல்லது. இதுல யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர், அளந்துதான் பேசுவார். யாருக்கும் குறையவில்லைதான். அப்புறம் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது? பொறாமையா? இருக்கலாம் — இல்லை. இல்லவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

பதில் கிடைத்துவிட்டது.

கதவைச் சரிபார்க்கக் கீழ்த்தளத்தில் ஏறினேன். கூடவே மூன்றாம் மாடித் தையற்காரர், தோளில் துணிமூட்டை. மூன்று வந்தது, போனது. நேரே ஒன்பது. கதவு திறந்ததும் அந்த மனிதர் மூட்டையோடு மூலையில் ஒண்டிக்கொண்டார். "மன்னிச்சிருங்க சார், உள்ள இருந்துட்டேன்" என்றார்.

எதற்கு மன்னிப்பு? தன் வீட்டுக்குப் போக ஏறியதற்கா? ஒன்பதாம் மாடிக்காரர் கெட்டவர் இல்லை. "பரவால்லப்பா" என்று சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவரை மன்னிக்கிற இடத்திலும் இன்னொருவரை ஒண்டுகிற இடத்திலும் நிறுத்தியது என் ஸ்க்ரூடிரைவர்.

மார்ச் 10

சாவித்துளையின் வயரைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 12

சூப்பர்வைசர் கூப்பிட்டு, "பணம் போட்டவர் கேக்குறாரு. உனக்கு எங்க வலிக்குது?" என்றார்.

"வலிக்குது சார். மாட்ட மாட்டேன்."

நாளையிலிருந்து குடோனில் உதிரி பாகம் அடுக்கும் வேலை. பயணப்படி கிடையாது. வீட்டில் சொன்னேன். அவர் எழுந்துபோய் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிவைத்தார். கோபமா, ஆறுதலா? கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

குடியிருப்புச் செயலாளர் போனில் பொரிந்து தள்ளினார். "அவர் கோவிச்சுக்கிட்டுப் பராமரிப்புக் காசை நிறுத்திட்டா நாங்க படியேறணுமா? உன்ன யாரும்மா கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். வயரைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கீழ்மாடிக்காரர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். தையற்காரரும்.

அழுதேன். ஆனாலும் சொல்கிறேன் — எல்லாரும் ஒத்துக்கொண்டதால் தப்பு சரியாகிவிடாது. எல்லாருக்கும் போதுமானது கிடைத்தாலும் சரி, முன்னைவிட அதிகமாகவே கிடைத்தாலும் சரி, ஒருத்தர் வசதிக்காக இன்னொருத்தர் ஒடுங்கி நிற்கணும்னா அது தப்பு. நான் ஒருத்தி மட்டும் சொன்னாலும் தப்புதான்.

மார்ச் 20, வெள்ளி

கருவிப் பையை ஐந்தாம் மாடியில் செயலாளர் வீட்டில் விட்டிருந்தேன். எடுக்கப் போனேன். வயர் மாட்டியாகிவிட்டது.

லிஃப்டில் தையற்காரர். தலை நிமிராமல், "நானும் போட்டேம்மா கையெழுத்து. முட்டி தாங்கல" என்றார்.

"தெரியும்ணே."

மூன்று போனது. ஐந்தும் போனது. ஒன்பதில் கதவு திறந்தது. தையற்காரர் மூட்டையைக் காலடியில் இறக்கிவைத்துவிட்டு நடுவிலேயே நின்றார். ஒன்பதாம் மாடிக்காரர் ஓரமாக நுழைந்து, பொத்தான்கள் பக்கம் நிற்க வேண்டியதாயிற்று.

"மூணு அமுக்குங்க சார்" என்றார் தையற்காரர்.

"அப்படியே அஞ்சும்" என்றேன் நான்.

அமுக்கினார்.