அறைக்கு வெளியே இருந்த சுவிட்ச்

இருபத்தாறு வருடமும் 'ஏங்க' என்று மட்டுமே நான் கூப்பிட்ட என் வீட்டுக்காரருக்கு,

அங்கன நல்லா இருக்கீகளா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டு வருகிறது. பாதி உங்கள் மகன் மேல், மீதி உங்கள் மேல். செத்தவரோடு சண்டை போடுகிறாளே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் காலண்டர் அச்சகத்துக்குக் கலர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மெஷினில் வரும் முதல் தாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிவப்பைக் கூட்டு, மஞ்சளைக் குறை என்று எழுதி நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதி ஓடும். நான் பார்த்த தாளில் இதுவரை ஒரு குறை வந்ததில்லை. இந்தச் சீசனில் வந்துவிட்டது.

எல்லாம் அந்தச் சுவிட்சால். நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து புழங்கும் அறைக்குள்ளே சுவிட்ச் இருக்கக் கூடாது, வெளிச்சுவரில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, நான் கலர் பார்க்கும் அறைக்கும் வெளியிலேயே சுவிட்சை வைத்தீர்கள். வெறும் காகிதம் கிடக்கும் அறையில் அப்படி என்ன மருந்து இருந்தது?

ஓசூரிலிருந்து இருக்கன்குடிக்குச் சாமி கும்பிட வந்த உங்கள் மகன் கார்த்தி, "எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் வெளிய எந்திரிச்சுப் போற?" என்று சொல்லி, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஸ்மார்ட் சுவிட்ச் இரண்டு வாங்கிவந்தான். வெளியே ஒன்று, என் மேசையோரம் ஒன்று. இரண்டும் அதே விளக்குகளுக்குத்தான். முதலில் இரண்டு சுவிட்சிலிருந்தும் விளக்குக்கு லைன் கொடுத்துவிட்டான். பல்பெல்லாம் துடியாய்த் துடித்தது. மறுபடி கழற்றி மாட்டிவிட்டு விளக்கம் சொன்னான்: "வெளிய இருக்கிறதுதாம்மா முதலாளி. உள்ள இருக்கிறது அதுக்குச் சேதி மட்டும் சொல்லும்." அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை ஆசையாகச் செய்கிறான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவன் போனிலும் அதைச் சேர்த்திருந்தது எனக்குத் தெரியாது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து என் அறை வெளிச்சம் தானாகப் பாதியாகும்படி வைத்திருக்கிறான். குறையக் குறைய மஞ்சளாகிற பல்பு அது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு ஓர் அம்மன் படம் வந்தது. மஞ்சள் தூக்கலாக இருக்கிறதே என்று குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் அச்சகத்து சூப்பர்வைசர் அச்சடித்த தாள்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "என்னக்கா, அம்மனுக்கு ரத்தசோகையா?" என்றார். பகல் வெளிச்சத்தில் பார்த்தால், மஞ்சள் பூசிய முகம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கிறது. ஆர்டர் முழுவதும் அப்படித்தான். "கொஞ்ச நாளைக்கு வேற ஆளு பார்க்கட்டும்க்கா, தப்பா நினைச்சுக்கிடாதீக" என்றார். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? கூனிக்குறுகிப் போனேன்.

கார்த்தியைக் கூப்பிட்டேன். "லைட்டைக் குறைச்சது நீயாலே?"

"ஆமாம்மா. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல. அதெல்லாம் நான் இங்கன இருந்தே பார்த்துக்கிடுதேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் கண், என் வேலை, என் அறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை யாரிடம் கற்றுக்கொண்டான் என்று யோசித்தால் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள். "போதும், வந்து படு" என்று வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவீர்களே, நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேனே, நினைவிருக்கிறதா? அக்கறை என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். அவனும் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தான்?

மறுநாளே ஆமத்தூரிலிருந்து எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். விளக்குக்குப் போகிற லைனை மேசையோரச் சுவிட்சுக்கு இழுத்து, அதை முதலாளியாக்கினார். வெளியே இருந்ததைப் பிடுங்கி மூடி போட்டார். நிறம் மாறாத வெள்ளைப் பல்பு மாட்டினார். போன் தொடர்பையும் துண்டிக்கச் சொன்னேன். அச்சகத்துக்கு நானே நேரில் போய், "ஒரு தாள் கொடுங்க, பார்த்துத் தாரேன். சரியில்லைன்னா பிறகு வரமாட்டேன்" என்று கேட்டு வாங்கிவந்தேன். அதில் குறை இல்லை. இப்போது முன்பு வந்ததில் பாதித் தாள்கள் வருகின்றன.

லைன் மாற்றிய அன்றே பிள்ளை பதறிக்கொண்டு கூப்பிட்டான். "அம்மா, போன்ல லைட்டே காட்டலை. நல்லா இருக்கியா? காலைல லைட்டு எரிஞ்சா, சரி, அம்மா எந்திரிச்சிட்டான்னு இருப்பேன். இனி எப்படித் தெரிஞ்சுக்கிடுவேன்?"

சுவிட்ச் மாட்டிய நாளிலிருந்து அவனாக ஒருநாள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கூப்பிட்டுக் கேளுலே. உங்க அம்மைக்கு வாய் இருக்கு" என்றேன். பிறகு மெதுவாக, "சாப்பிட்டியாம்மா?" என்றான்.

அழுதேன், மறைக்கவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் அறைக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை இனி நான்தான் சொல்வேன், இது சத்தியம். நீங்களே எழுந்து வந்தாலும், கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இன்னும் கோபம் ஆறாத உங்கள் பெண்டாட்டி,
ராமலட்சுமி